அகப்பை நுனி

அகப்பை நுனியில் வசியம் வைத்திருப்பவளைக் கணவன் சாகும்வரை நேசிப்பான் என்று தாய்லாந்தில் ஒரு பழமொழி உண்டு. அவர்கள் சொல்லும் 'சவக்' தேங்காய்ச் சிரட்டையில் காம்பு பொருத்திய கரண்டி. நம் அகப்பையேதான்.

இந்தப் பழமொழியை பாங்காக்கில் ஒரு கருத்தரங்குக்குப் போனபோது கேட்டேன். அங்குள்ள ஆசிரியத் தோழி, தோன்புரியில் வாய்க்கால் ஓரமாக இருந்த தன் பெரியம்மா வீட்டுக்கு என்னை அழைத்துப் போயிருந்தாள். பெரியம்மாவை அவர்கள் மொழியில் 'பா' என்கிறார்கள். (அதைத் தாய்மொழி என்று எழுதினால் தமிழில் வேறு பொருளாகிவிடுகிறது.) பழமொழியைத் தோழி சொன்னதும் பா சிரித்தார். "என் அகப்பை நுனி நன்றாகத்தான் இருந்தது. அவன்தான் போய்விட்டான்."

பா எனக்காகக் குழம்பு விழுதை இடித்துக் காட்டினார். கருங்கல் உரல், குட்டையான கல் உலக்கை. ஊறவைத்த காய்ந்த மிளகாயும் உப்பும் முதலில் விழும். பிறகு நமக்கு இருமல் மருந்தாக மட்டும் தெரிந்த அரத்தை, எலுமிச்சைப்புல், மக்ரூட் எலுமிச்சையின் தோல், நாம் கிள்ளி எறிகிற கொத்தமல்லி வேர், வெண்மிளகு. கடினமானவை மசிந்த பிறகே ஈரமான பூண்டும் சின்ன வெங்காயமும் சேரும். கடைசியில் இறால் விழுது. இந்த வரிசை மாறினால் ஈரத்தில் நார் வழுக்கிக்கொண்டு மசியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் உரல் சத்தத்தை வைத்தே பெண்ணை எடைபோடுவார்களாம். சீராக இடித்தால் நல்ல மருமகள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. அறை முழுக்க மணம். நான் பாரம்பரியச் சுவை, கைப்பக்குவம் என்று ஏதோ உருகிப் பேசினேன். பா காலையில் சோறும் குழம்பும் விற்கும் சிறிய கடை நடத்துகிறவர். "கடைக்குச் சந்தையில் யந்திரத்தில் அரைத்த விழுதுதான். என் தோளைப் பார்" என்று சட்டையை விலக்கிக் காட்டினார். வலது தோளில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

இருபத்தைந்து வயதில் நான் அம்மாவிடம் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: "அம்மிப் பக்கம் என்னை இழுக்காதே." அது அடிமைத்தனம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு படிப்பும்கூட என்பது தெரிந்திருக்கவில்லை. அம்மா போய்விட்டாள். அவளுடைய மீன்குழம்பு எதிலும் எழுதப்படவில்லை.

1809 முதல் 1824 வரை ஆண்ட இரண்டாம் ராமா ஒரு கவிஞர். உணவுகளைப் புகழும் அவரது படகுப் பாட்டில், மசமன் தொடங்கி ஒவ்வொரு உணவும் ஒரு பெண்மீதான ஏக்கமாக மாறுகிறது. சமைத்தவர் இளவரசி புன்ரோட் என்பார்கள். கவிஞர் என்ற பெயர் மன்னருக்கு, காதலி என்ற பெயர் அவருக்கு. நானும் கவிதை எழுதுகிறவள் என்பதால் இது கொஞ்சம் குத்துகிறது. 1908இல் ப்லியன் பாஸகொரவோங் என்ற பெண்மணி தன் பெயரிலேயே சமையல் நூலை வெளியிடத் தொடங்கினார். மற்ற பலருக்கு அச்சு வாய்த்தது இறந்தபின்தான். வசதியான குடும்பங்கள் தகனத்துக்கு வருகிறவர்களுக்கு நினைவு நூல் அச்சிட்டுக் கொடுக்கும். இறந்தவர் பெண்ணென்றால் அவருடைய சமையல் குறிப்புகளும் சில நூல்களில் இடம்பெறும். ஆஸ்திரேலியச் சமையல் கலைஞர் டேவிட் தாம்சன் பழைய சுவைகளைத் தேடியது இப்படிப்பட்ட நூல்களில்தான். லண்டனில் அவர் தாய் உணவுக்கு மிஷலின் நட்சத்திரம் வாங்கினார். தேடி எடுத்ததற்காக அவர்மீது கோபமில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் கை அச்சேற அவள் முதலில் எரிய வேண்டியிருந்தது. வாய்க்காலோரத்துப் பாக்களுக்கு அந்த நூலும் இல்லை.

கெட்டித் தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் மிதந்ததும் பா விழுதைப் போட்டு வதக்கினார். கோழி வெந்ததும் அகப்பையால் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"என்ன குறைகிறது?"

"உப்பு."

"இல்லை." பனைவெல்லத்தைக் கிள்ளிப் போட்டார். இன்னொரு சொட்டு. இந்த முறை புளிப்பு என்றேன். அதுவும் தவறு. அவர் விட்டது மக்ரூட் இலைகளை. எத்தனை இலை என்று குறிப்பேட்டைத் திறந்தேன். மூடச் சொன்னார்.

மூன்றாம் சொட்டை நாக்கிலேயே வெகுநேரம் வைத்திருந்தேன். மீன்நீர் என்றேன்.

பா அகப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, வலது தோளைப் பிடித்துக்கொண்டே போய் வாசலில் உட்கார்ந்தார்.