லாகூர் எருமைகளும் என் அப்பத்தாவும்

மார்க்கையன்கோட்டை க்ளினிக்ல என் நாற்காலிக்குப் பின்னாடி ஒரு படம் மாட்டியிருக்கேன். போன வாரம் வந்த பால்காரர் ஒருத்தர், கையில பிபி பட்டை சுத்தியிருக்கும்போதே அதை உத்துப் பாத்துட்டு கேட்டார்: "எருமைன்னு பாத்ததும் தெரியுது சார். ஆனா வேலைய முடிக்காம விட்டுட்டாங்க போலயே?"

சரியாப் புடிச்சுட்டார். அது அமிர்தா ஷேர்கில் 1941ல வரைஞ்ச கடைசிப் படம். லாகூர்ல கங்காராம் மேன்ஷன்ல குடியிருந்தப்ப மாடியிலிருந்து தெரிஞ்ச காட்சி. வீட்டுச் சுவர்கள், கீழே கருப்பா எருமைகள். அவ்வளவுதான்.

அமிர்தா 1913ல புடாபெஸ்ட்ல பிறந்தவங்க. அம்மா ஹங்கேரி, அப்பா பஞ்சாபி சீக்கியர். பதினாறு வயசுல பாரிஸ் போய் ஓவியம் படிச்சாங்க. செசான், கோகன் ரெண்டு பேரையும் உள்வாங்கிட்டு 1934 கடைசியில இந்தியா திரும்பினாங்க. அப்புறம் அஜந்தா, கொச்சி, கன்னியாகுமரின்னு தெக்க ஒரு சுத்து.

அவங்களுக்கு முன்னோடி இம்ப்ரெஷனிஸ்டுகள் அந்த நேரத்து வெளிச்சத்தைப் புடிக்கப் பாத்தவங்க. நம்ம வரப்புல நின்னா மலை காலையில ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம் இல்லையா, அந்த மாற்றம்தான் அவங்களுக்கு முக்கியம். அடுத்து வந்த செசான் அதே மலையைத் திரும்பத் திரும்ப வரைஞ்சு, வெளிச்சம் மாறினாலும் மாறாம நிக்கிற கட்டுமானத்தைத் தேடினார். அமிர்தாவோட எருமைகள் இந்த ரெண்டாவது வகை. நுணுக்கம் ஒண்ணும் கிடையாது. ஆனா அந்தக் கருப்புக்கு எடை இருக்கு. அதை எடுத்துட்டா மொத்தப் படமும் காத்துல பறந்துடும்னு எனக்குத் தோணும். பெரியாத்துத் தண்ணி பாயுற வயல்ல எருமை எழுந்து வர்றதைப் பாத்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தனிக் கண்காட்சிக்குச் சில நாள்தான் பாக்கி. டிசம்பர் முதல் வாரம் வயித்துக் கோளாறு. டீ விருந்துல சாப்பிட்ட பக்கோடா ஒத்துக்கலன்னு சொன்னாங்க. கணவர் விக்டர் ஈகன் டாக்டர். அவரேதான் வைத்தியம் பாத்தார். டிசம்பர் 5 அன்னைக்கு அமிர்தா இறந்துட்டாங்க. வயசு 28. காரணம் இன்னைக்கும் உறுதியாகல. நீரிழப்புங்கிறாங்க, பெரிட்டோனைட்டிஸ்ங்கிறாங்க. அமிர்தாவோட அம்மா மருமகன் மேல பழி போட்டாங்க.

அந்தப் பழியைப் பத்திப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கும். ஏன்னா நானும் அந்த இடத்துல நின்னிருக்கேன்.

எட்டு வருஷம் முன்னாடி என் அப்பத்தாவுக்கு வாந்தி, வயித்துவலி. முந்தின நாள் திருவிழாச் சாப்பாடு. அதுதான்னு நானே முடிவு பண்ணி, ரெண்டு நாள் வீட்டுலயே பாத்தேன். பேரன் டாக்டர்ங்கிறதால யாரும் மறுபேச்சு பேசல. வெளி ஆளா இருந்தா முதல் நாளே வயித்தை அமுக்கிப் பாத்து ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். அப்பத்தாகிட்ட "ஒண்ணுமில்ல ஆத்தா"ன்னு தலையைத் தடவிட்டு வந்தேன். மூணாம் நாள் காலையில கை ஜில்லுன்னு இருந்துச்சு, வயிறு பலகை மாதிரி. குடல்வால் வெடிச்சிருந்துச்சு. வயசானவங்களுக்குக் காய்ச்சல், வலி எல்லாம் அடங்கித்தான் காட்டும்னு பாடத்துல படிச்சவன்தான் நான்.

ஆபரேஷன் பண்ணி, ஆன்டிபயாடிக் ஏத்தி, பன்னிரண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க. 1941ல லாகூர்ல ஈகன் கையில பென்சிலின் கிடையாது. அதனால அவர் செஞ்சது சரின்னும் என்னால சொல்ல முடியல, தப்புன்னும் சொல்ல முடியல.

வாந்தியோட வயிறு இறுகிப்போச்சுன்னா, கை கால் சில்லிட்டுச்சுன்னா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, வீட்டுல டாக்டர் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இந்தக் கதையைப் பாதி சொன்னதுமே பால்காரர் கேட்டார்: "அப்புறம் யாருமே அந்தப் படத்த முடிக்கலையா?"

"இல்லண்ணே. முடிக்காத மேனிக்கே இருக்கு."

பிபி 160/100. மாத்திரையை ஒரு மாசமா நிறுத்திட்டேன்னு அப்பத்தான் ஒத்துக்கிட்டார்.