சத்தம் போடாத வால்வு

கலிபோர்னியாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். "சார், அங்க பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்டவர்களுக்குப் பதில்: போன சனிக்கிழமை ஒரு போர்ஷே காருக்கு டாப்பட் அட்ஜஸ்ட் செய்தேன். சிரிக்க வேண்டாம், உண்மைதான்.

கார் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவருடையது. பெயர் வேண்டாம் என்றார். மற்றதை எழுத அனுமதி தந்திருக்கிறார். அவர் ஆசை ஆசையாக வாங்கி வைத்திருப்பது 1982ஆம் வருடத்து 911 எஸ்.சி. 3 லிட்டர் எஞ்சின், காரின் பின்பக்கத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் கிடையாது, காற்றும் எண்ணெயும்தான் குளிர்விக்கின்றன. படுத்த வாக்கில் 6 சிலிண்டர், பக்கத்துக்கு மூன்று. சிலிண்டருக்கு 2 வால்வு வீதம் மொத்தம் 12. ஒவ்வொன்றையும் கையால்தான் சரி பார்க்க வேண்டும். 1993இல் அறிமுகமான 993 மாடலில்தான் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு வந்தது.

வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் சிறு இடைவெளி இருக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு அது 0.10 மில்லிமீட்டர், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது. நம் பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியை வைத்துத் தலைமுடியையும் நோட்டுத் தாளையும் அளந்தோமே, நினைவிருக்கிறதா? அந்தத் தாளின் கனம் கிட்டத்தட்ட இதுதான்.

ஏன் ஆறியிருக்க வேண்டும்? 100 மில்லிமீட்டர் நீள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர் நீளும். அதே அளவு சாதாரண எஃகு 0.12தான் நீளும். எஞ்சினுக்குள் இரண்டு உலோகமும் இருக்கின்றன, இடத்துக்கு இடம் சூடும் வேறு. நாம் வைக்கிற இடைவெளியைவிட இந்த வித்தியாசமே பெரிது. அதனால் முந்தின இரவே காரை நிறுத்திவிட வேண்டும். சூட்டோடு அளந்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இடைவெளி கூடினால் டக் டக் என்று சத்தம் வரும், எல்லாரும் பதறுவார்கள். குறைந்தால்தான் ஆபத்து, அப்போது ஒரு சத்தமும் வராது. 6000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. மூடியிருக்கும் அந்தக் கண நேரத்தில்தான் அதன் சூட்டில் பெரும்பகுதி இருக்கை வளையம் வழியாக சிலிண்டர் தலைக்கு இறங்குகிறது. இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு முழுதாக உட்காராது. சூடு இறங்க வழியில்லை, போதாததற்கு நெருப்புக் காற்று விளிம்பைச் சீறிக்கொண்டு போகும். புகை போகும் வால்வுதான் முதலில் கருகும்.

வேலையை மூன்று பேர் பிரித்துக்கொண்டோம். மாணவர் கிராங் புல்லியை ஸ்பேனரால் திருப்புவார். மேலே இருக்கும் 6 இன்டேக் வால்வுகள் எனக்கு. கீழே இருக்கும் 6 எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் காரின் அடியில் படுக்க வேண்டும், என் இடுப்பு ஒத்துழைக்காது. அது அவருடைய மகளுக்கு. பதினேழு வயது, என்னைத் தாத்தா என்பாள், தமிழ் கொஞ்சம் தடுக்கும். புல்லியில் இசட் 1 குறியைப் பொருத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் முதல் சிலிண்டரைக் காட்டுகிறதா என்று பார்த்துத் தொடங்கினோம். பிறகு 120 டிகிரிக்கு ஒரு சிலிண்டர், 1, 6, 2, 4, 3, 5 என்ற வரிசையில். இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி வரும். பாவம், அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தவழ்ந்தாள்.

லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, தகட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனால் தளர்வு. மெல்லப் பிடித்து விடவேண்டும். நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், மறுபடி பார்க்கத்தான் வேண்டும். இந்தப் பிடிமானத்தைச் சொல்லித் தர முடியாது. காலையில் மேசைமேல் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் தாளை வைத்து அவளை இழுக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பழக்கியிருந்தேன்.

கடைசியாக 5ஆம் சிலிண்டர். கீழேயிருந்து குரல் வந்தது: "தாத்தா, போகவே மாட்டேங்குது."

"கொஞ்சம் அழுத்தும்மா" என்றார் அப்பா.

வேண்டாம் என்றேன். குறியைச் சரிபார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. ராக்கரை அசைத்துப் பார்க்கச் சொன்னேன். துளி ஆட்டமில்லை. அவள் நட்டைத் தளர்த்தித் திருகை விட்ட பிறகுதான் தகடு உள்ளே போனது.

மாணவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். போன வருடம் 12 வால்வுகளையும் அவரே தனியாகப் பார்த்திருக்கிறார். ஓடி ஓடி இருக்கை தேய்ந்தாலும் இடைவெளி குறையும், அதனால் அவர் கைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

"விரல் நுனி மரத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். காபி டம்ளர் சூடே தெரியறதில்லை. தகடு இழுக்கறப்ப பழக்கத்துலதான் இழுத்தேன்."

பதினைந்து வருடச் சர்க்கரை. பாதத்தில் எரிச்சலும் உண்டாம். வீட்டில் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. காருக்கு மட்டும் வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறார்! வாத்தியார் புத்தி, நன்றாகத் திட்டினேன். அடியிலிருந்து மகள் வெளியே வரவேயில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அப்படியே படுத்திருந்தாள். பிறகு கையை மட்டும் நீட்டி, "ஸ்க்ரூ டிரைவர் குடுங்கப்பா" என்றாள்.

மறுநாள் கம்ப்ரஷன் பார்த்தோம். 6 சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின, 5ஆவதும்தான். வால்வு பிழைத்தது. செவ்வாய்க்கிழமை அவர் மனைவியோடு டாக்டரிடம் போனார். நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காரை விற்றுவிடலாமா என்று யோசித்தவர் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நேற்று அந்தப் பெண் படம் அனுப்பியிருந்தாள். வலப்பக்கக் கீழ் மூடியில் எண்ணெய் கசிகிறதாம். நட்டை இன்னும் இறுக்காதே, வாஷரை மாற்று என்று பதில் போட்டிருக்கிறேன்.