ஆறு பருவங்களின் பாஷை

கானடா தேசத்தில் க்வீபெக் மாகாணத்தின் காட்டுப் பிரதேசத்தில், ஸேன்ட் மோரீஸ் நதிக்கரையில், லா ட்யூக் என்றொரு பட்டணம் இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே சுமார் 70 மைல், காட்டு மண்சாலையில் புழுதி குடித்துக்கொண்டே போனால் வெமோட்டாசி வந்து சேரும். வழி நெடுகிலும் ஊசியிலை மரங்கள்; அவற்றை வெட்டிச் சுமந்து வரும் ராக்ஷஸ லாரிகள்.

ஊரார் அத்திகமேக் என்னும் ஆதிக்குடிகள். அப்பெயருக்கு வெள்ளை மீன் என்று பொருள். அவர்களுடைய பாஷையைப் பேசுகிறவர்கள் 6,000 பேருக்குச் சற்று அதிகம். தொகை அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் இன்றும் குழந்தைகள் வீட்டில் கற்றுப் பேசும் பாஷை அது. அதிலே வருஷத்துக்குப் பருவம் ஆறு. நம் இலக்கணத்தாரும் பெரும்பொழுதை ஆறாகவே வகுத்தார்கள் என்பது நேயர்களுக்கு நினைவு வரும். குளிர் முற்றுமுன் வரும் நாட்கள் ‘பிச்சிபிபோன்’. வசந்தத்துக்கு முந்திய நாட்கள் ‘சிகோன்’. பிரெஞ்சுக்காரருக்குப் பருவம் நான்கே.

1955 முதல் 1973 வரை ஆமோஸ் நகருக்கருகே நடந்த விடுதிப் பள்ளிக்கு இக்குடிகளின் குழந்தைகளைக் கொண்டுபோய், தாய்பாஷையை வாயில் எடுக்கவொட்டாமல் தடுத்தார்கள். அதற்கும் இப்பாஷை தப்பியது. ஆனால் இளைஞர் விரும்பிப் பார்க்கும் திரையெல்லாம் பிரெஞ்சும் ஆங்கிலமுமே பேசுமானால் என்ன செய்வது? பிரம்பைவிட இது பொல்லாதது என்றே நமக்குத் தோன்றுகிறது.

மானோன் பார்போ என்னும் பெண் டைரக்டர் வெமோட்டாசி இளைஞரோடு சேர்ந்து ஒரு படக்கதை எழுதிக்கொண்டிருந்தார். அவர்களில் முன்நின்று உழைத்த யுவதி, 2002-ல், மரம் ஏற்றும் லாரியில் தன் கார் மோதி இறந்தாள். வயது இருபது. 2004-ல் அந்த டைரக்டர், ஆதிக்குடிகளின் சபைகளோடு கூடி, ஒரு மோட்டார் வீட்டு வண்டியைப் படத்தொழிற்சாலையாக மாற்றி, அவள் பெயரையே அதற்கு வைத்தார்: வாப்பிகோனி. பூ என்று அர்த்தம்.

வண்டி ஓர் ஊரில் சில வாரம் தங்கும். காமிரா பிடிக்கவும், ஒலி பதியவும், படத்தை வெட்டி ஒட்டவும் அவ்வூர் இளைஞரே கற்று, சில நிமிஷமே ஓடும் படங்களை எடுப்பார்கள். பல குடிகளின் ஊர்களிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இவ்விதம் பிறந்தன. எல்லாம் தாய்பாஷையில் அல்ல. பிரெஞ்சில் எடுத்தவையும் ஏராளம். தாய்பாஷையில் எடுக்க வேண்டுமானால் சொல் தெரிந்த பாட்டனிடமும் பாட்டியிடமும் போய் உட்கார வேண்டும். அதுவே பாதி லாபம்.

முடிந்த படத்தை முதலில் ஊராருக்கே போட்டுக் காட்டுகிறார்கள். பிறகே வெளியூர் விழாக்கள். மான்ட்ரியால் கொட்டகையில் அத்திகமேக் பேச்சு ஒலிக்கும்போது, திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துத்தான் பிரெஞ்சுக்காரர் பொருள் தெரிந்துகொள்ள வேண்டும்.