வழக்கும் மன்னிப்பும்

நண்பர் ஒருவருக்காக ஜாமீன் கையெழுத்திட்டோம். அவர் சொல்லாமல் ஊரைவிட்டு மறைந்தார். கடன் எங்கள் தலையில் விழுந்தது. செங்கல்பட்டுத் தேவாலயத்தில் முழந்தாளிட்டு நீதி கேட்டு மன்றாடினோம். உள்ளமோ அவர் நாசமாய்ப் போகவேண்டும் என்றே முணுமுணுத்தது.

ஒருநாள் திருமணியிலுள்ள தொழுநோய் ஆய்வு நிறுவனத்தைக் கடந்து வருகையில் கிரகாம் ஸ்டெயின்ஸின் நினைவு எழுந்தது. ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளரிடையே நெடுங்காலம் பணிபுரிந்தவர் அவர். 1999 ஜனவரியில், மனோகர்பூரில், சிறு மகன்கள் பிலிப், திமோத்தியுடன் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார். கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அவர் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். 2004 வரை அங்கேயே தங்கி அந்நோயாளரைப் பேணினார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

நீதியை மன்றத்திடம் விட்டுவிட்டு வெறுப்பை மட்டும் இறக்கிவைக்கலாம் என்பது அன்றுதான் எங்களுக்குப் புலப்பட்டது. எங்கள் வழக்கும் நடக்கிறது. செபத்தில் நண்பரின் பெயரையும் இப்போது சொல்கிறோம். சில நாட்களில் குரல் தடுமாறத்தான் செய்கிறது.