கடல் மாற்றம்

தகப்பனார் இறந்த வருஷம் ஒரு கட்டுரையில், என் எழுத்தில் 'ஸீ சேஞ்ச்' நேர்ந்துவிட்டது என்று எழுதினேன். திடீர்த் திருப்பம் என்ற அர்த்தத்தில்தான். கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர், 'டெம்பெஸ்ட்' நாடகத்தை மறுபடி பார்க்கச் சொன்னார். 1623இல் அச்சேறிய அந்நாடகத்தில் ஏரியல் பாடுவதும் ஒரு தகப்பனின் சாவைத்தான். கடலடியில் எலும்பு பவளமாகிறது, கண்கள் முத்தாகின்றன. பவளம் ஒரு நாளில் வளர்வதில்லை. ஆக, இந்த மாற்றத்தில் ஆழமும் காலமும் உண்டு, அவசரம் இல்லை. தவிர, பாட்டே பொய். ஃபெர்டினாண்டின் தகப்பன் மூழ்கவில்லை. கடைசியில் மகன் முன் உயிரோடு நிற்கிறான். எனக்கு அந்தச் சலுகை இல்லை. என் எழுத்தும் மாறியிருக்கவில்லை. துக்கத்தைத்தான் மாற்றமென்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாக்கியத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.