ஜிம்மி ஏன் ஐயாவின் பின்னால் போனது?

கனடாவில் வசிக்கும் எனது இளைய மகள் அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, வழக்கமான சுகம் விசாரிப்புகளுக்குப் பின்னர் ஒரு முறைப்பாட்டை முன்வைத்தாள். அவர்கள் வீட்டில் இரண்டு வயதான லாப்ரடோர் நாய் ஒன்று இருக்கிறது. அதற்கு உணவு வைப்பது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, ஊசி போட மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வது எல்லாம் அவள்தான். ஆனால் அந்த நாயோ மருமகன் வேலையால் வரும் நேரத்துக்கு முன்னதாகவே கதவடியில் போய்ப் படுத்துக்கொள்கிறதாம்.

"எல்லாம் நான்தான் செய்யிறன் அப்பா. அது என்னைத் திரும்பியும் பாக்குதில்லை. அவர் ஒண்டும் செய்யிறதில்லை, அவரோடதான் ஒட்டிக்கொண்டு திரியுது. ஏனப்பா?"

நாற்பது வருடங்கள் பத்திரிகையில் வேலை செய்தவனிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். "உனக்கு ஜிம்மியை நினைவிருக்கா பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின்னர் மனைவியையும் பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்தில் எனது பெற்றோரின் வீட்டில் விட்டுவிட்டு நான் கொழும்பிலேயே தங்கி வேலை பார்த்தேன். 1990 இல் யாழ்தேவியும் நின்றுபோன பிறகு, வீட்டுக்குப் போய்வருவதென்றால் இரவோடு இரவாகக் கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும். வருடத்தில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. 1992 இல் அப்படிப் போயிருந்தபோது, பிள்ளைகளின் அரியண்டம் தாங்காமல் அயல் வீட்டிலிருந்து ஒன்றரை மாதக் குட்டி ஒன்றை வாங்கி வந்தவன் நான்தான். மண்ணிற ஊர் நாய். ஜிம்மி என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

வீட்டில் எதிர்ப்புத் தெரிவித்தவர் ஒருவர் மட்டுமே. அவர் எனது ஐயா. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர். யானை தன்னை நன்கு அறிந்த பாகனையே கொல்லும், நாயோ தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலை ஆட்டும் என்று சொல்லும் நாலடியார்ச் செய்யுளை முப்பது வருடங்கள் வகுப்பில் விளக்கியவர். ஆனால், "நாயை விறாந்தையிலை அடுக்காதேங்கோ" என்பதே வீட்டில் அவரது கட்டளை.

அடுத்த தடவை நான் போனபோது ஜிம்மி ஐயாவின் சாய்மனைக் கதிரையின் கீழ்தான் படுத்திருந்தது. சோறு போடுபவர் எனது மனைவி. விளையாடுபவர்கள் பிள்ளைகள். கொழும்பிலிருந்து பிஸ்கற் பக்கற்றுகளைச் சுமந்து சென்றவன் நான். ஜிம்மி பிஸ்கற்றைத் தின்றுவிட்டு, கடமைக்கு வாலை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, மறுபடியும் கதிரையின் கீழ் போய்விடும். ஐயா அதைத் தொட்டதோ தடவியதோ கிடையாது.

இதற்கு விளக்கம் தேடியவர்கள் பலர். நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை அறிஞர் கொன்ராட் லோரன்ஸ், தமது நூலொன்றில், ஓநாய் வழிவந்த நாய்கள் ஒரே எசமானோடு ஒட்டும், நரியினமான ஜக்கால் வழிவந்தவை எல்லோரோடும் குழையும் என்று எழுதினார். பின்னர் அவரே அக்கருத்தைக் கைவிட்டார். நாய்கள் அனைத்தும் ஓநாய் வழிவந்தவையே என்பதை மரபணு ஆய்வுகள் பிற்காலத்தில் உறுதிப்படுத்தின.

அமெரிக்காவில் ஸ்கொட், புல்லர் என்ற இருவர் நீண்டகால ஆய்வின் பின் 1965 இல் வெளியிட்ட நூல், குட்டியின் மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலமே முக்கியமானது என்று காட்டியது. அப்போது யார் அருகில் இருக்கிறார்களோ அவர்களைக் குட்டி தன் உலகமாக ஏற்றுக்கொள்கிறது. ஜிம்மியின் அந்த வாரங்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். மனைவி குசினியில் நின்றாள். நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் இருந்தவர் ஐயா மட்டுமே.

1998 இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள், கைக்குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் இடையிலான பிணைப்பை அளக்கும் பரிசோதனையை நாய்களிடம் நடத்திப் பார்த்தார்கள். தாய் அருகில் இருக்கும்போது குழந்தை தைரியமாக விளையாடுவது போலவே, வளர்ப்பவர் அருகில் இருக்கும்போது நாயும் தைரியம் கொள்கிறது என்று கண்டார்கள். நாயும் மனிதரும் ஒருவரையொருவர் நோக்கும்போது, தாய் சேய்ப் பிணைப்பில் பங்கெடுக்கும் ஒக்சிரோசின் என்னும் சுரப்பு இருவரிடமும் கூடுகிறது என்று 2015 இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது.

ஐயாவின் நாள் கடிகாரம் போன்றது. அதிகாலை நாலரைக்கு எழுவார். கிணற்றடி, பூப்பறித்தல், தேவாரம், கதிரை. மின்சாரம் இல்லாத காலம் அது. இரவில் மூத்தவன் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி முனகும். ஐயா பீபீசி தமிழோசையைக் கேட்டுவிட்டு, அன்றைய செய்தியைப் பற்றித் தமக்குத் தாமே பேசுவார். கேட்டுக்கொண்டிருப்பது ஜிம்மி. அவர் சத்தம் போடமாட்டார், திடீரென்று தூக்கமாட்டார், வாலைப் பிடித்து இழுக்கமாட்டார். அடுத்து அவர் என்ன செய்வார் என்பது நாய்க்குத் தெரிந்திருந்தது. நிச்சயமற்ற காலத்தில் அதை விட வேறென்ன வேண்டும்?

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்த செய்தியைக் கொழும்பில் இருந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தச் செய்திக்குள் எனது வீட்டார் ஐவரும் இருந்தார்கள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பது எனக்குப் பல வாரங்கள் தெரியாது. பிறகு மனைவியின் கடிதம் வந்தது.

புறப்படும்போது ஜிம்மிக்கு மிஞ்சிய சோற்றை வைத்து, படலையைச் சாத்திவிட்டு வந்தார்களாம். ஐயா ஒன்றும் பேசவில்லையாம். மழை, இருட்டு, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடி. விடியற்காலையில் கைதடியில் தெருவோரமாகக் களைத்து உட்கார்ந்திருந்தபோது, நனைந்து சேறான ஒரு நாய் கால்களுக்கிடையே புகுந்து வந்து ஐயாவின் காலடியில் படுத்தது. அத்தனை ஆயிரம் பேரின் வாடைக்குள் ஒருவரின் வாடையை அது எப்படிப் பிரித்தெடுத்ததோ! ஐயா தம் கையிலிருந்த பாணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு அதன் தலையில் கையை வைத்தாராம். "மாமா அதைத் தொட்டதை அண்டைக்குத்தான் கண்டன்" என்று மனைவி எழுதியிருந்தாள். அன்று விட்டுவந்த நாயை மறுபடி காணாத வீடுகளே அதிகம்.

1996 சித்திரையில் ஊர் திரும்பினார்கள். 1998 இல் ஐயா காலமானார். பாதுகாப்பு அனுமதி எடுத்து, திருகோணமலையில் கப்பலுக்குக் காத்திருந்து, காங்கேசன்துறையில் இறங்கி நான் வீட்டுப் படலையைத் திறந்தபோது ஒன்பது நாட்கள் கடந்துவிட்டன. தலைமகனாகிய எனக்குக் கொள்ளி வைக்கக் கிடைக்கவில்லை. படலையடியில் ஜிம்மி என்னைப் பார்த்து உறுமியது, பின்னர் குரைத்தது. பையோடு அப்படியே நின்றேன். பதினைந்து வயதான இளைய மகள் ஓடிவந்து, "ஜிம்மி, அது அப்பா!" என்று அதட்டினாள். அதன் பிறகே அது வழிவிட்டது.

அப்போது நாயின் மீது எனக்குக் கோபம் வந்தது. பல வருடங்களுக்குப் பின்னரே அது குரைத்ததில் பிழை ஏதும் இல்லை என்று உணர்ந்தேன். அந்த வீட்டில் நான் யார் என்பதற்கு அதனிடம் இருந்த கணக்கு, ஆறு வருடத்தில் சில கிழமைகளும் சில பிஸ்கற் பக்கற்றுகளும்தான்.

ஐயா போன பின்னர் சில வாரங்கள் ஜிம்மி வெறுங் கதிரையின் கீழ் படுத்திருந்தது. பிறகு மெல்ல மெல்ல மகளின் பின்னால் திரியத் தொடங்கியது. அவள் அதற்காக எதுவும் செய்யவில்லை. தாத்தாவின் படத்துக்குப் பூ வைக்க அதிகாலை நாலரைக்கு எழுந்தாள், அவ்வளவுதான். காப்பகங்களில் கைவிடப்பட்ட நாய்கள், ஒருவர் பத்து நிமிடம் வீதம் மூன்று தடவை தம்மோடு இருந்தாலே அவரிடம் பிணைப்புக் காட்டத் தொடங்குகின்றன என்று அதே ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2001 இல் எழுதியதைப் படித்தபோது இந்த நினைவுதான் வந்தது.

மகளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மருமகன் நாயோடை என்னதான் செய்யிறவர்?" என்று கேட்டேன்.

"விடிய அதோடை நடக்கப் போவார். பின்னேரம் நிலத்திலை இருந்து ரிவி பாப்பார். அது மடியிலை தலையை வைச்சுக்கொண்டு கிடக்கும்."

"குளிப்பாட்டலையும் ஊசியையும் ஒரு மாதத்துக்கு அவரிட்டைக் குடு. விடிய நடக்கிறதை நீ எடு."

சிரித்தாள். பின்னர் சற்றுத் தயங்கி, "ஜிம்மி உங்களோடை கடைசி வரைக்கும் சேரவேயில்லை, என்னப்பா?" என்றாள்.

அந்தியேட்டி முடிந்து நான் புறப்பட்ட அன்று காலை, பூக்கூடையோடு என்னை வழியனுப்ப வந்தவள் அவள். ஜிம்மியும் படலை வரை வந்தது. என் கையை ஒரு தரம் முகர்ந்து பார்த்தது. பிறகு அவளோடு திரும்பிப் போய்விட்டது. அதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது நினைவில் இல்லை.