கற்பிட்டிக் கரையில் திசை திரும்பும் ட்ரோன்கள்: பழுதறியும் தொழிலும் அதன் ஒழுங்கும்

இலங்கையின் வடமேல் மாகாணத்தில் சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல் வழியாக வடக்கே நீண்டு, பாலாவியில் மேற்குப் புறமாகப் பிரிந்து நுரைச்சோலை, மாம்புரி, தலவில ஆகிய ஊர்களைக் கடந்து கற்பிட்டி முனையை அடையும் கரையோரம், ட்ரோன் எனப்படும் ஆளில்லாப் பறக்கும் கருவியைத் தொழிலுக்குக் கையாள்வோருக்கு வாய்ப்பையும் சோதனையையும் ஒருங்கே தரும் நிலமாகும். ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த இந்த ஒடுங்கிய தீபகற்பத்தில் திருமணப் படப்பிடிப்பாளர்களும், காற்றின் விசையால் பலகையில் சறுக்கும் விளையாட்டைப் பதிவு செய்வோரும், டொல்பின் கூட்டங்களைக் காணவரும் பயணிகளுக்குக் காட்சி எடுத்துக் கொடுப்போரும் இக்கருவியை நம்பியுள்ளனர். கருவியைப் பறக்கவிடுவோரே அதன் முதற்கட்டத் திருத்துநராகவும் இருக்க நேர்வதால், கைத்தொலைபேசி திருத்தும் மேசையில் பழகிய விரல்களும் படப்பிடிப்பில் பழகிய கண்களும் சேர்ந்து இங்கே ஒரு புதிய கைத்தொழிலை உருவாக்கி வருகின்றன.

இத்தொழிலில் அடிக்கடி எழும் முறைப்பாடுகளுள் ஒன்று, அந்தரத்தில் ஓரிடத்தில் அசையாது நிற்க வேண்டிய ட்ரோன், எவரும் கட்டளையிடாமலே தன் முகப்பை இடமாகவோ வலமாகவோ திருப்பிக்கொண்டிருப்பதாகும். இதற்கு உடனடி மருந்தாகப் பலரும் கையாள்வது கொம்பஸ் கலிபிரேஷன், அதாவது கருவிக்குள் இருக்கும் மின்னணுத் திசைகாட்டியை மீண்டும் சீரமைக்கும் செயன்முறையாகும். திசைத்திருப்பம் என்பது நோயன்று, பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி என்பதையும், இயந்திரப் பகுதிகளை ஆராயாமல் திசைகாட்டியைச் சீரமைப்பது பல வேளைகளில் புதிய பழுதொன்றை நினைவகத்தில் எழுதிவைப்பதற்கே ஒப்பாகும் என்பதையும் இக்கரையோரத்தின் நடைமுறைகளைக் கொண்டே விளக்கலாம்.

முறுக்கங்களின் சமநிலை

விசிறியொன்று காற்றை ஒரு திசையில் சுழற்றித் தள்ளும்போது, அந்த விசிறியைத் தாங்கும் உடல் எதிர்த்திசையில் சுழல முற்படுகிறது. இவ்வாறு உடலைத் திருப்ப முனையும் விசையை எதிர்முறுக்கம் என்பர். 1939இல் பறந்த சிகோர்ஸ்கியின் விஎஸ்-300 ஹெலிகொப்டர் இந்த எதிர்முறுக்கத்தை வாற்புறச் சிறு விசிறியால் அடக்கியது. நான்கு விசிறி ட்ரோனில் வாற்புற விசிறி இல்லை. மூலைவிட்டத்தில் எதிரெதிரே அமைந்த இரண்டு விசிறிகள் வலஞ்சுழியாகவும், மற்ற இரண்டும் இடஞ்சுழியாகவும் சுழல்வதால் நான்கின் எதிர்முறுக்கங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்து கூட்டுத்தொகை பூச்சியமாகிறது. கருவியை வேண்டுமென்றே திருப்ப வேண்டுமாயின், பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை ஒரு மூலைவிட்டச் சோடியின் வேகத்தைக் கூட்டி மற்றச் சோடியின் வேகத்தைக் குறைக்கிறது. மொத்தத் தூக்குவிசை மாறாமல், முறுக்கங்களின் சமநிலை மட்டும் மாறுவதால் உயரம் குன்றாமலே முகப்பு திரும்புகிறது.

இந்த அமைப்பின் பலவீனமும் இதிலேயே அடங்கியுள்ளது. முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ சாய்வதற்குக் கருவி விசிறிகளின் முழுத் தூக்குவிசையையும் நெம்புகோலாகப் பயன்படுத்த முடியும். திசை திரும்புவதற்கோ அதனிடம் மெலிந்த எதிர்முறுக்கம் மட்டுமே உண்டு. எடுத்துக்காட்டாக, 800 கிராம் எடையுள்ள ட்ரோன் ஒன்றில் ஒவ்வொரு விசிறியும் ஏறத்தாழ 2 நியூட்டன் தூக்குவிசை தர வேண்டும். அத்தகைய விசிறி ஒன்றின் எதிர்முறுக்கம் ஏறக்குறைய 0.03 நியூட்டன் மீற்றர் என்று கொள்ளலாம். நடுப்புள்ளியிலிருந்து 15 சென்ரிமீற்றர் தொலைவிலுள்ள மோட்டார் ஒன்று, கைப்பகுதி முறுகியதால் பக்கவாட்டில் 2 பாகை மட்டுமே சாய்ந்திருந்தாலும், அதன் தூக்குவிசையின் ஒரு சிறு கூறு உடலைத் திருப்பும் விசையாகி 0.01 நியூட்டன் மீற்றர் முறுக்கத்தை உண்டாக்கிவிடும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இந்தச் சாய்வு, ஒரு விசிறியின் எதிர்முறுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடர்ந்து விழுங்குகிறது. படகின் பின்புறத்தில் எஞ்சின் சற்றுக் கோணலாகப் பூட்டப்பட்டிருந்தால் படகு முழுப் பயணத்திலும் ஒரு பக்கமாகவே இழுக்கும் என்பதை அறிந்த மீனவர் சமூகத்திற்கு இந்த விளக்கம் புதியதன்று.

அறிகுறியைப் பகுத்தறிதல்

தேர்ந்த திருத்துநர் ஒருவர் திருகாணியைத் தொடுவதற்கு முன் கருவி எவ்வாறு திரும்புகிறது என்பதையே முதலில் கவனிக்கிறார். தரையைவிட்டு எழுந்தவுடனேயே கருவி வேகமாகச் சுழன்று கவிழ முற்பட்டால், வலஞ்சுழி விசிறி இருக்க வேண்டிய இடத்தில் இடஞ்சுழி விசிறி பூட்டப்பட்டிருப்பதோ, மோட்டார் ஒன்று செயலிழந்திருப்பதோ காரணமாகும். இடம் பெயராமல் சீரான மெதுவான வேகத்தில் ஒரே பக்கமாகத் திரும்பினால், ஜைரோ எனப்படும் சுழற்சி உணரியின் பூச்சிய அளவு பிசகியிருப்பதையோ, ரிமோட்டின் கட்டுப்பாட்டுக் கோல் நடுநிலைக்குத் திரும்பாமல் சிறு கட்டளையொன்றை அனுப்பிக்கொண்டிருப்பதையோ ஐயுற வேண்டும். விரைவாக மேலேற்றும்போதும், பற்றரி இறங்கும்போதும், பலத்த காற்றிலும் மட்டும் திரும்பினால், திசையைக் காக்கும் மிகைவலு முன்னரே செலவாகிவிட்டது என்பது பொருள். அதற்கு முறுகிய கைப்பகுதியோ தேய்ந்த விசிறியோ காரணமாகலாம். முகப்பு பெரிதும் திரும்பாமல் கருவியே விரிந்துசெல்லும் வட்டங்களில் அலையத் தொடங்கினால் மட்டுமே திசைகாட்டி முதற்சந்தேகத்துக்குரியதாகிறது: செய்மதி வழியாக அறியும் இடமும் திசைகாட்டி வழியாக அறியும் வடக்கும் ஒத்துப்போகாதபோது, கருவி தன் விலகலைத் திருத்தத் தவறான பக்கமாகச் சாய்ந்து, அத்தவறைத் திருத்த மேலும் தவறி வட்டமிடுகிறது.

காற்றின் பங்கையும் முதலிலேயே விலக்கிப் பார்ப்பது இக்கரைக்கு இன்றியமையாதது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கற்பிட்டியின் திறந்த மணற்பரப்பில் தடையின்றிப் பாய்வதால், பக்கப்பரப்பு சமமற்ற கருவி இயல்பாகவே காற்றின் போக்கிற்குத் திரும்ப முனையும். கருவியின் முகப்பை நேர் எதிர்த்திசைக்குத் திருப்பி மீண்டும் நிறுத்திப் பார்க்கும்போது, முன்பு திரும்பிய அதே சுழற்சிப் பக்கமாகவே அது திரும்பினால் பழுது கருவிக்குள் உள்ளது. திரும்பும் பக்கம் மாறினால் காரணம் காற்றாகும். காற்று அடங்கிய அதிகாலையில் இச்சோதனையை மீண்டும் செய்து பார்ப்பது முடிவை உறுதிப்படுத்தும்.

உப்பும் மணலும்

புத்தளம் இலங்கையின் முதன்மையான உப்பு விளைநிலங்களுள் ஒன்று. உப்பளங்களுக்கு உதவும் அதே வறண்ட காற்றும் கடல்நீர்த் துளியும் மோட்டாரின் பொதிகையை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் சிறு உருளைக் குண்டுகளின் கூட்டை, அரித்துக் கரகரக்கச் செய்கின்றன. உராய்வு கூடிய மோட்டார் அதே வேகத்தைத் தர அதிக மின்னோட்டம் இழுக்க, அது சேர்ந்த சோடி பின்தங்கி முறுக்கச் சமநிலை குலைகிறது. மணலில் வைத்தே கருவியை எழுப்பும் வழக்கம் இன்னொரு கேட்டை விளைவிக்கிறது. மோட்டாரின் மணிவடிவ மூடிக்குள் வலிய காந்தங்கள் ஒட்டப்பட்டிருப்பதால், கடற்கரை மணலில் கலந்திருக்கும் இரும்புச் சேர்மமுள்ள கருந்துகள்கள் உள்ளே இழுக்கப்பட்டு, சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. ஊதினாலும் போகாத இத்துகள்களை ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தால் ஒற்றி எடுப்பதே பொருத்தமான முறை. எழும்பும் இடத்தில் ஒரு பாயையோ தட்டையான பலகையையோ விரிப்பது அதைவிடச் சிறந்த முறை.

இவ்விடத்தில் செலவின்றிச் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. பற்றரியை அகற்றிய பின் ஒவ்வொரு விசிறியையும் விரலால் மெல்லச் சுழற்றிப் பார்த்தால், ஒன்று மற்றவற்றைவிட முன்னதாக நிற்பதும் கரகரப்பதும் தெரியவரும். கருவியைக் கண்ணாடி மேசையில் வைத்து, விசிறிகளின் நுனிகளைக் கண்மட்டத்தில் ஒரே கோட்டில் பார்த்தால், சாய்ந்த மோட்டாரின் விசிறி கோட்டைவிட்டு விலகி நிற்கும். சில நிமிடங்கள் அந்தரத்தில் நிறுத்தி இறக்கிய பின் நான்கு மோட்டார்களின் வெப்பத்தையும் கவனமாகத் தொட்டுப் பார்ப்பது இவற்றுள் மிகப் பயனுள்ளது: மூலைவிட்டச் சோடி ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டிருந்தால், கட்டுப்பாட்டுப் பலகை ஓயாமல் ஒரு திருப்பத்தை எதிர்த்துப் போராடியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அந்நிலையில் பழுது எலும்புக்கூட்டில் இருக்கிறது. மென்பொருளைத் தொடுவதால் பயனில்லை.

காந்தப்புலமும் இரும்பும்

புத்தளக் கரை புவிக்காந்த நடுக்கோட்டிற்கு மிக அருகில் அமைந்திருப்பதால், இங்கே புவிக்காந்தப் புலம் ஏறத்தாழ முழுவதுமாகக் கிடையாகச் செல்கிறது. துருவப் பகுதிகளில் புலம் செங்குத்தாகச் சாய்வதால் திசைகாட்டிக்குக் கிடைக்காமற் போகும் கிடைக்கூறு, இங்கே 40 மைக்ரோடெஸ்லா அளவில் முழுமையாகக் கிடைக்கிறது. ஆகவே இயற்கை இக்கரையில் திசைகாட்டிக்குத் துணையாகவே நிற்கிறது. இடையூறு மனிதர் வைத்த இரும்பிலிருந்தும் கருவிக்குள் ஓடும் மின்னோட்டத்திலிருந்தும் வருகிறது. நேரான கம்பியொன்றில் 10 அம்பியர் மின்னோட்டம் பாயும்போது அதிலிருந்து 5 சென்ரிமீற்றர் தொலைவில் உண்டாகும் காந்தப்புலமும் சரியாக 40 மைக்ரோடெஸ்லாவே என்பதை எண்ணினால், பற்றரிக் கம்பி திசைகாட்டிக்கு அருகில் செல்வது எவ்வளவு பெரிய கேடு என்பது விளங்கும். கையால் பொருத்திய கருவிகளில் நேர்மின் கம்பியையும் எதிர்மின் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி வைப்பதும், திசைகாட்டியைச் சிறு கம்பத்தின் மேல் உயர்த்தி வைப்பதும் இதனாலேயே.

நுரைச்சோலையில் 900 மெகாவோற் கொள்ளளவுள்ள லக்விஜய நிலக்கரி அனல்மின் நிலையமும், அதிலிருந்து புறப்படும் 220 கிலோவோல்ற் மின்வழிகளும், மாம்புரியின் காற்றாலைகளும் அமைந்துள்ளன. மின்வழியின் மாறோட்டம் நொடிக்கு 100 முறை திசைமாறுவதால் அதன் காந்த விளைவு பெரும்பாலும் சராசரியில் மறைந்துவிடும். நிலையாகப் புலத்தை வளைப்பது கோபுரங்களின் உருக்கே. கொங்கிரீற் மாடிகளுக்குள் உள்ள கம்பிகளும், இறங்குதுறைகளும், வாகனங்களின் கூரைகளும் இவ்வாறே செயற்படுகின்றன. திருமண வீட்டின் கொங்கிரீற் மாடியிலிருந்து எழும்பும் கருவி, தரையில் பெற்ற தவறான வடக்கை மனதிற்கொண்டு எழுந்து, சில மீற்றர் உயர்ந்து உண்மையான புலத்தை உணர்ந்தவுடன் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள முகப்பைத் தானாகத் திருப்புகிறது. அம்மாடியிலேயே திசைகாட்டியைச் சீரமைப்பது அந்தக் கம்பிகளின் காந்தத்தைக் கருவியின் சொந்தக் காந்தமாகப் பதிந்துவிடும் செயலாகும். பின்னர் திறந்த கடற்கரையிலும் கருவி பிழையாகவே திரும்பும். சீரமைப்புத் தேவையெனில், வாகனமும் கைத்தொலைபேசியும் சாவிக்கொத்தும் விலகிய வெறும் மணற்பரப்பே அதற்கு இடம். சீரமைத்த பின், ஏறத்தாழ வடக்குத் தெற்காக நீளும் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு இணையாக முகப்பை நிறுத்தி, திரையின் வரைபடத்தில் அம்புக்குறியும் கரையோடு இணையாக நிற்கிறதா என்று சரிபார்ப்பது இவ்வூருக்கே வாய்த்த எளிய அளவுகோலாகும்.

படகிலிருந்து பறக்கவிடுவோர் எதிர்கொள்ளும் பழுது வேறு வகையானது. மின்னிணைப்புக் கொடுத்தவுடன் கருவி சில நொடிகள் அசையாதிருந்து, அந்நிலையைச் சுழற்சியற்ற நிலை என்று ஜைரோவுக்குக் கற்பிக்கிறது. அலையில் படகு நொடிக்கு 2 பாகை வீதம் திரும்பிக்கொண்டிருக்கும்போது இணைப்புக் கொடுத்தால், அத்திருப்பமே பூச்சியமாகப் பதிவாகி, திசைகாட்டி திருத்தாவிடில் கருவி 3 நிமிடங்களில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிடக்கூடும். கரையிலேயே இணைப்புக் கொடுத்து நிலைபெறச் செய்த பின் படகில் ஏற்றுவதோ, படகு அமைதியுறும் வரை காத்திருப்பதோதான் இதற்குத் தீர்வு.

பழுதறிந்த பின் செய்யும் சோதனைப் பறப்பும் சட்டத்திற்கு உட்பட்டதே. இலங்கையில் குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட ட்ரோன்கள் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதிவு செய்யப்பட வேண்டும். 2019 ஏப்ரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் நாடெங்கும் ட்ரோன் பறப்பு சிலகாலம் தடைசெய்யப்பட்டதும் நினைவிற்குரியது. பாலாவியில் விமானப்படைத் தளமும் கற்பிட்டியில் கடற்படைத் தளமும் அமைந்துள்ள புத்தளம் மாவட்டத்தில், திசை தவறும் கருவியை அனுமதியின்றிச் சோதிப்பது தொழிலையே கேள்விக்குள்ளாக்கும். மக்கள் கூடிய இடத்தில் சோதிப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

ஆகவே இக்கரையோரத்தின் இளம் திருத்துநர்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு தெளிவானது: முதலில் காற்றையும் இடத்தையும், அடுத்து விசிறியையும் மோட்டாரையும் கைப்பகுதியையும், பின்னர் ரிமோட்டையும் ஜைரோவையும், இறுதியிலேயே திசைகாட்டியையும் பார்க்க வேண்டும், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதையும் விளைவையும் ஏட்டில் குறித்துவைக்க வேண்டும். இந்த அறிவு ஒவ்வொருவரும் கருவியை உடைத்துக் கற்கும் நிலையில் விடப்படுவது முறையன்று. மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் ட்ரோன் திருத்தத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் முறையான பாடமாக ஏற்று, உப்புக் காற்றுக்கும் கடற்கரை மணலுக்கும் ஏற்ற செய்முறைகளை வகுத்துக் கற்பிக்க முன்வர வேண்டும்.